அப்பாருவின் கோல்ட் ரிவால்வர்: முறையாக விற்க வழி சொல்லுங்கள்

#1 – ஆனைமலை

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 79 வயது. வலது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. ஒரு காலத்தில் அவரிடம் உரிமத்தோடு மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒருவருக்கு இரண்டுதான் என்று 2019இல் சட்டம் மாறியதும் .22 ரைபிளை மனசில்லாமல் ஒப்படைத்தார். மிச்சம் இருப்பவை ஒரு 12 போர் (போர் என்றால் குழலின் உள்ளளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியும், அமெரிக்கக் கோல்ட் கம்பெனியின் ஒரு ரிவால்வரும். இப்போது ரிவால்வரை விற்றுவிடலாம் என்கிறார்.

அது முதலில் என் அப்பாருவுடையது, அதாவது அப்பாவின் அப்பாவுடையது. மலையில் மர கான்ட்ராக்ட் எடுத்தவர். 1948இல் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது அவரிடம் வாங்கினார். துரை கைப்பட எழுதிக்கொடுத்த ரசீது இருக்கிறது. அப்பாருவின் பழைய லைசென்ஸ் புத்தகமும் இருக்கிறது. 1981இல் அவர் காலமான பிறகு அப்பா பேருக்கு மாறியது.

குழலில் போலீஸ் பாசிட்டிவ் என்று மாடல் பெயர் பொறித்திருக்கிறது. .32 போர், நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டா. வால்நட் பிடியில் வெள்ளி நிறத்தில் குதிரை வில்லை. அதன் வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1924இல் செய்தது என்று வருகிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவோம். இடது பக்கம் பொட்டு வைத்த இடத்தில் இரும்பின் நீல நிறம் போய் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளுத்துக் கிடக்கிறது.

யாரிடம், எப்படி விற்பது? அந்த வெளுப்பைச் சரி செய்துவிட்டு விற்கணுமா? என்ன விலை கேட்கலாம்? டவுனில் ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அப்பா முகம் வாடிவிட்டது. இதற்கிடையில் தம்பி படத்தை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். நேற்றிலிருந்து யார் யாரோ கூப்பிடுகிறார்கள்.

#2 – மதுரைக்காரன்

அக்கா, கோல்ட்டா! நம்ம ஊரில் இம்போர்ட்டட் பீஸுக்கு இருக்கிற மவுசு தெரியாமல் இருக்கீங்க. கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துடாதீங்க. கூப்பிடுகிறவர்களில் யார் அதிகம் சொல்கிறாரோ அவருக்குக் கொடுங்க.

#3 – நெறியாளர்

இந்த இழை தொடரலாம். ஆனால் "நான் வாங்கிக்கிறேன்", "எனக்கு நம்பர் அனுப்புங்க" என்று யாரும் எழுத வேண்டாம். அப்படி வந்த மூன்று பதிவுகளை எடுத்துவிட்டேன். ஆனைமலை, தம்பி போட்ட படத்தை முதலில் நீக்கச் சொல்லுங்கள். வயதான ஒருவர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதும், எந்த ஊர் என்பதும் அறிமுகமில்லாதவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

#4 – சட்டப்புள்ளி

முதல் வேலையாகக் கூப்பிட்டவர்கள் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். மதுரைத் தம்பி சொன்னதைச் செய்தால் அப்பா இந்த வயதில் கோர்ட் படி ஏற வேண்டிவரும். அவர் சொன்னது தவறு என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

சட்டம் விற்பதைத் தடுக்கவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வியாபாரம் செய்கிறவருக்குத்தான் விற்பனை உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருப்பவர் அந்த உரிமம் இல்லாமலே விற்கலாம். ஆனால் துப்பாக்கி என்றால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இன்னாருக்கு விற்கப்போகிறேன் என்று வாங்குபவரின் பெயரும் முகவரியும் போட்டு, மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாள் கழிய வேண்டும். அதுவரை பொருள் கை மாறக்கூடாது. முன்பணம் வாங்கிவிட்டு "நாளைக்கே எடுத்துட்டுப் போறேன்" என்று நிற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது, கடிதத்தைக் கலெக்டர் அலுவலகம், காவல் நிலையம் இரண்டுக்கும் கொடுத்து இரண்டிலும் ஒப்புகை முத்திரை வாங்குங்கள் என்று. நடைமுறையில் உங்கள் பக்கம் ஒரு தடையில்லாச் சான்று வாங்கி வைப்பதும் நல்லது. வாங்குபவரின் உரிமத்தில் ரிவால்வர் வாங்க அனுமதி இருக்கிறதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா, தேசியத் தரவுத்தளத்து அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று அசல் புத்தகத்தில் பாருங்கள். ஜெராக்ஸ் போதாது. அவரிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் மூன்றாவதாக இதை வாங்க முடியாது. அவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் கையில் கொடுப்பதே 29ஆம் பிரிவில் தனிக் குற்றம். 5ஆம் பிரிவை மீறி விற்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருஷம் சிறை.

அடுத்தது குழலின் போர் அளவு. சட்டத்தின் கீழ் உள்ள அட்டவணையில் .380, .455 ரிம் தோட்டாக்களும் ராணுவத்து 9 எம்.எம். தோட்டாவும் போடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. துரைமார்கள் விட்டுப்போன பெரிய வெப்லி ரிவால்வர்கள் பல .455. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்களின் பாடு தனி. உங்களுடையது .32, தடைசெய்யப்படாத வகை. அந்த மட்டில் நிம்மதி.

கடைசியாக, உரிமம் அப்பாவுக்கு. அவரோடு சேர்ந்து எடுத்துப் போகலாம். அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ இன்னொருவர் எடுத்துப் போகச் சட்டம் இடம் தருகிறது. விலை பேசக் கடைக்குத் தூக்கிப் போவது அதில் வராது. நீங்களோ தம்பியோ தனியாகப் பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகாதீர்கள்.

#5 – ஆனைமலை

மிக்க நன்றிங்க சார். தம்பியிடம் சொல்லிப் படத்தை எடுத்தாச்சு. புது எண்களிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதில்லை. 45 நாள் விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் கடைக்காரர் "கொண்டாங்க, கையோடு பணம்" என்றுதான் சொன்னார்.

#6 – நீல இரும்பு

அந்த வெளுப்பைத் தொடாதீர்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

முப்பது வருஷமாகப் பழைய துப்பாக்கிகளை ரிப்பேர் செய்பவர்களோடு உட்கார்ந்து கற்றதைச் சொல்கிறேன். அந்தக் காலத்து கோல்ட்டின் நீலம் பெயிண்ட் இல்லை. இரும்பைக் கண்ணாடி போல மெருகேற்றி, சூட்டிலும் மருந்திலும் அதன் மேல்தோலையே நிறம் மாற்றியிருப்பார்கள். இன்று ஒரு பட்டறையில் கொடுத்துத் திரும்ப நீலம் ஏற்றினால் முதலில் பஃபிங் சக்கரத்தில் பிடிப்பார்கள். குழல் மேல் உள்ள எழுத்துகளின் ஓரம் மழுங்கும். குதிரை முத்திரையின் கால்கள் கரையும். ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு குழிந்து தட்டு போல ஆகும். சேகரிப்பவர் முதலில் பார்ப்பது இந்த மூன்றைத்தான். பளபளப்பாக வந்த பொருளை அவர் இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடுவார். அசல் நீலம் முக்கால்வாசி இருந்து, கை பட்ட இடங்களில் தேய்ந்து பழுப்பேறியிருந்தால் அதற்குத்தான் மதிப்பு.

உங்கள் சந்தனப் பொட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஆசை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இதே போல ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ரிவால்வர் பார்த்திருக்கிறேன். ஈரச் சந்தனம் ராத்திரி முழுக்க இரும்பில் இருந்து காய்ந்தால் அடியில் துரு பிடிக்கும், துருவோடு நீலமும் போகும். அமெரிக்காவில் செய்து, துரை கையில் மலையேறி, ஒரு தமிழ்க் குடும்பத்தின் பூஜையறையில் வருஷா வருஷம் உட்கார்ந்த பொருள் இது. அதற்கு இந்தப் பொட்டைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? வாங்குபவரிடம் மறைக்காமல் காட்டிக் காரணத்தைச் சொல்லுங்கள். இனி வரும் பூஜைக்குப் பெட்டிக்கு வையுங்கள், இரும்புக்கு வேண்டாம்.

அப்பா கையால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, துப்பாக்கிக்கென்று உள்ள மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடைக்கணும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். பிராசோ, சாம்பல், புளி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வால்பாறை மழையில் கழித்த துப்பாக்கிகள் உறைக்குள்ளேயே அரித்துப்போனதைக் கண்டிருக்கிறேன். உறை பழையது என்றால் அதையும் தூக்கிப்போடாதீர்கள், தனியாக வையுங்கள்.

இன்னும் சில கேள்விகள். தோட்டா போடும் சிலிண்டரைத் திறந்தால், அதைத் தாங்கி வெளியே ஆடும் கையிலும் உடலான ஃப்ரேமிலும் எண் இருக்கும். இரண்டும் ஒன்றா? குழலிலோ ஃப்ரேமிலோ கிரீடம் போட்ட சின்ன முத்திரைகள் உண்டா? இங்கிலாந்து வழியாக வந்தது என்றால் அங்கே சோதித்த முத்திரை இருக்கும். கடைப் பெயர் ஏதாவது? அந்தக் காலத்தில் கல்கத்தா மேன்டன், ரோடா, மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் துப்பாக்கிகளில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் புரட்சியாளர்கள் ஐம்பது மௌசர் பிஸ்டல்களைக் கடத்தினார்களே, அது அந்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்குதான். கடைப் பெயர் இருந்தால் மதிப்பு கூடும்.

#7 – ஆனைமலை

ஐயா, நீங்கள் புளி என்று எழுதியதைப் படித்து நெஞ்சு படபடத்தது. போன வாரம் சித்தி பித்தளை விளக்குகளோடு இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று கேட்டார். அப்பா கொடுக்கவில்லை.

அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தோம். லென்ஸ் பிடித்து நான் படித்தேன். எண்கள் இரண்டும் ஒன்று. குழலின் அடியில் கிரீடத்தோடு ஒரு சின்ன முத்திரை இருக்கிறது. கடைப் பெயர் இல்லை. உறை அப்பாரு தைக்கக் கொடுத்தது, பொள்ளாச்சிச் சந்தையில். தோட்டா கே.எஃப். என்று அடித்த பதினொன்று இருக்கின்றன.

#8 – பத்து மீட்டர்

மேடம், கே.எஃப். என்றால் நம்ம கட்கி தொழிற்சாலைத் தோட்டா. வகை .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங். உங்கள் கோல்ட்டுக்குப் பொருந்தும், கோல்ட் கம்பெனி இதே தோட்டாவைத் தன் பெயரில் .32 நியூ போலீஸ் என்று விற்றது. இது விலைக்கும் முக்கியம். உள்நாட்டிலேயே தோட்டா கிடைக்கிற போர் என்பதால்தான் .32க்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். அந்தப் பதினொன்றையும் கடிதத்தில் எண்ணிக்கையோடு எழுதுங்கள். லைசென்ஸ் புத்தகக் கணக்கும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகணும்.

விலையைப் பற்றி: 1980களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனது. அதற்கு முன் உள்ளே வந்தவைதான் கையிலிருந்து கைக்குச் சுற்றுகின்றன. அதனால் வெளிநாட்டு ரிவால்வருக்கு இங்கே கிராக்கி. அமெரிக்காவில் போலீஸ் பாசிட்டிவ் பெரிய அபூர்வம் ஒன்றும் இல்லை, 1907 முதல் நாற்பது வருஷம் செய்திருக்கிறார்கள். இங்கே மட்டும் அது பெரிய பொருள். ஆனால் 2019க்குப் பிறகு ஆளுக்கு இரண்டு என்றானதால் உரிமத்தில் இடம் காலியாக உள்ள ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கேட்கிறவர் ஆயிரம், வாங்க முடிந்தவர் பத்து. அந்தப் பத்தில் பழையதை மதிப்பவர் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்குக் காத்திருக்க முடியுமா என்பதுதான் உங்கள் விலை.

அதற்கு முன் டைமிங் பாருங்கள். பழைய கோல்ட்டுகளின் பலமும் பலவீனமும் இதுவே. வெறும் சிலிண்டரோடு, தோட்டா இல்லாமல், பின்பக்கச் சுத்தியை (ஹேமர்) மெதுவாகப் பின்னால் இழுத்தால் சுத்தி நிற்கும் முன்பே சிலிண்டர் சுழன்று பூட்டில் விழணும். ஆறு அறைக்கும் பார்க்கணும். ஏதாவது ஓர் அறையில் பூட்டு விழாமல் மயிரிழை பின்தங்கினால் உள்ளே சிலிண்டரைத் தள்ளும் கை தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யத் தெரிந்தவர்கள் இப்போது ரொம்பக் குறைவு. ட்ரிகரைக் கடைசிவரை பிடித்திருக்கும்போது சிலிண்டர் அசையவே கூடாது. கோல்ட் பெயர் வாங்கியதே அந்தப் பிடிப்புக்காக. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும்.

#9 – மதுரைக்காரன்

சட்டப்புள்ளி சார், மன்னிக்கணும். நான் யோசிக்காமல் எழுதிட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டைச் சுட்ட ஷெரீஃப் பேட் காரெட்டின் கோல்ட் 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏலத்தில் அறுபது லட்சம் டாலருக்கு மேல் போனது. அது மாதிரி வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பினால் என்ன?

#10 – சட்டப்புள்ளி

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. கேட்டது நல்லது.

அனுப்ப முடியாது. துப்பாக்கியை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஆயுதச் சட்டத்தில் தனி உரிமம் வேண்டும். அதற்கு மேல் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நிற்கிறது. நூறு வருஷம் ஆன கைவினைப் பொருளை மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர யாரும் ஏற்றுமதி செய்யக்கூடாது. இவர்களுடையது 1924 என்றால் அந்த எல்லைக்கு வந்தாயிற்று.

"நூறு வருஷமானால் லைசென்ஸே வேண்டாமாமே" என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழங்காலத்து ஆயுதத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான். தோட்டா கடையில் கிடைக்கிற, பூட்டு சரியாக விழுகிற ரிவால்வருக்கு வயது எத்தனை ஆனாலும் லைசென்ஸ் வேண்டும்.

#11 – நீல இரும்பு

மதுரைத் தம்பி சொன்ன காரெட் துப்பாக்கியில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதே மாடல் கோல்ட்டுகள் ஏராளம். அதற்கு மட்டும் அந்த விலை கிடைத்தது, அது யார் யார் கையில் இருந்தது என்ற தொடர்ச்சி காகிதத்தில் இருந்ததால். பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் 1873இல் இன்னொரு கவிஞரான ரேம்போவைச் சுட்ட ரிவால்வர் 2016இல் பாரிஸில் நாலு லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அதைத் தனியே பார்த்தால் லெஃபோஷோ என்ற வகையில் ஒரு சாதாரண சின்ன ரிவால்வர்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட் பிஸ்டல் எங்கே போனது என்று பல வருஷம் யாருக்கும் தெரியாது. இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்து மற்ற துப்பாக்கிகளோடு கிடந்தது. பெயிண்டைச் சுரண்டியபோது வழக்கு ஆவணத்தில் இருந்த அதே எண் வெளியே வந்தது. ஆவணத்தில் எண்ணைக் குறித்து வைத்திருக்காவிட்டால் அது இன்றைக்கும் பெயர் தெரியாத இரும்பாகவே கிடந்திருக்கும்.

ஆனைமலை, உங்கள் வீட்டில் துரையின் ரசீதும் 1948 லைசென்ஸ் புத்தகமும் இருக்கின்றன என்றீர்கள். ரசீதில் எண் இருக்கிறதா? இருந்தால் அந்தக் காகிதங்களும் பொருளின் பாதி. கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவு எண்ணைக் கொடுத்தால், எந்த வருஷம் எந்த வியாபாரிக்கு அனுப்பியது என்று கட்டணத்துக்குக் கடிதம் தரும். அது கிடைத்தால் தொடர்ச்சி முழுசாகிவிடும்.

#12 – தென்றல்72

இத்தனை ஆண்கள் விலை, முத்திரை என்று எழுதியாச்சு. ஒருவர்கூட அந்தப் பெண்ணிடம் நீயே வைத்துக்கொள்ளேன் என்று கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

ஆனைமலை, 2016 ஆயுத விதிகளில் 25ஆவது விதி வாரிசுக்கு உரிமம் தருவதைப் பற்றியது. உரிமதாரர் காலமான பிறகுதான் என்றில்லை. அவருக்கு எழுபது வயதானாலோ, இருபத்தைந்து வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இரண்டும் பொருந்தும். மகள் என்பதால் தடை எதுவும் இல்லை. என் அப்பாவின் துப்பாக்கியை நான் அப்படித்தான் வாங்கினேன். போலீஸ் விசாரணைக்கு வந்தவர் "வீட்டில் ஆம்பளை யாரும்மா?" என்று கேட்டார். நான்தான் விண்ணப்பதாரர் என்று எழுதச் சொன்னேன். ஆயுதம் கையாளும் பயிற்சிக்கும் போனேன். இப்போது பல வருஷம் ஆச்சு.

விற்ற பிறகு திரும்ப வராது. ஒரு முறை யோசியுங்கள்.

#13 – ஆனைமலை

அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "அவங்க சொல்றதும் சரிதான், உனக்கு வேணுமா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு வேண்டாம் அக்கா. பயம் காரணமில்லை. வீட்டில் ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பையன்கள். நானும் அவரும் வேலைக்குப் போகிறோம். பீரோவுக்குள் பீரோ வைத்துப் பூட்டினாலும் அந்தச் சாவி எங்கே என்ற நினைப்பு பள்ளிக்கூடத்திலும் என் கூடவே வரும். அப்பாவுக்கு அது சுமையாக இருந்ததில்லை, அவர் மலையில் வாழ்ந்தவர். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, திரும்ப வாங்குவது, புதுப்பிப்பது, எல்லாம் அவருக்கு ஒரு கடமை. எனக்கு அப்பாருவின் நினைவு வேண்டும். அந்த உறையையும் பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ரசீதைப் பார்த்தோம். நீலமசி மங்கியிருக்கிறது. "ஒன் கோல்ட் ரிவால்வர்" என்று எழுதி, பக்கத்தில் எண்ணும் இருக்கிறது. ஃப்ரேமில் உள்ள அதே எண்.

#14 – கொடைரோடு

இடையில் வருகிறேன். விற்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் குழலில் துளை போட்டுச் சுத்தியை வெட்டிவிட்டால் ஷோகேஸில் வைத்துவிடலாமே.

#15 – நீல இரும்பு

நூறு வருஷம் ஆறு அறையும் சரியாகப் பூட்டிய ஒரு பொருளில் துளை போடச் சொல்கிறீர்கள். எனக்குக் கை நடுங்குகிறது.

#16 – சட்டப்புள்ளி

கொடைரோடு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை நாமாகப் பட்டறையில் கொடுத்து வெட்டுவது புதுக் குற்றத்தை விலைக்கு வாங்குவது. லேத்காரரும் மாட்டுவார். செயலிழக்கச் செய்ய நினைத்தால் உரிமம் வழங்கியவரிடம் எழுதிக் கேட்டு, அவர் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

விற்க மனமில்லை, வைக்கவும் முடியவில்லை என்பவர்களுக்கு அருங்காட்சியகம் ஒரு வழி. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. கோவையில் ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏற்பார்களா என்பது அவர்கள் முடிவு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

#17 – ஓய்வு சுபேதார்

தங்கச்சி, ராணுவத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவன் நான். இரண்டு சொல்கிறேன்.

45 நாள் ஓடும்போது வீட்டில் வைக்க மனசு ஒப்பவில்லை என்றால், பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள டீலரிடம் அப்பா பேரில் ஒப்படைத்து ரசீது வாங்குங்க. ரசீதில் எண், போர், தோட்டா எண்ணிக்கை மூன்றும் இருக்கணும். விலை பேசும் கடை வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, வாங்க வருகிறவர் கையைப் பாருங்க. எடுத்ததும் சிலிண்டரைத் திறந்து வெறுமையா என்று பார்க்கிறாரா, குழலை யார் பக்கம் பிடிக்கிறார், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கிறதா. அப்படிப் பார்க்காதவனுக்கு லைசென்ஸ் இருந்தாலும் கொடுக்க வேண்டாம். கோல்ட்டில் சிலிண்டர் திறக்க லாட்சைப் பின்னால் இழுக்கணும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்னால் தள்ளணும். சுழலும் திசையும் எதிரெதிர், கோல்ட் வலப்பக்கம். கோல்ட்டை அறிந்தவன் கை யோசிக்காது.

#18 – பத்து மீட்டர்

சுபேதார் சொன்னது நூற்றுக்கு நூறு. ரேஞ்சிலும் நாங்கள் ஆளை அப்படித்தான் பார்ப்போம்.

ஆனைமலை, முதல் கடைக்காரர் சொன்ன விலையை மறந்துவிடுங்கள். அவர் வாங்கி விற்கிறவர், அவருக்கு அவர் கணக்கு. உரிமம் உள்ள இரண்டு டீலர்களிடம் கமிஷன் முறையில் விற்றுத் தருவார்களா என்று அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எண் வெளியே தெரியாதபடி எடுத்த படம், முத்திரைகள், அந்தப் பொட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொடுங்கள். அவசரம் காட்டாதீர்கள்.

#19 – ஆனைமலை *(மூன்று மாதம் கழித்து)*

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். ரிவால்வர் கைமாறியது.

அப்பா இரண்டாவதாகப் பேசிய டீலர் நேர்மையானவர். நீலகிரியில் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரைச் சொன்னார். அவரிடம் ஒரு 12 போர் மட்டும்தான் இருக்கிறது, ரிவால்வருக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய அசல் புத்தகத்தைப் பார்த்தோம். சட்டப்புள்ளி சார் சொன்ன மாதிரி கடிதம் எழுதினோம், தோட்டா பதினொன்று என்பது உட்பட. இரண்டு இடத்திலும் முத்திரை வாங்கினோம். நாட்காட்டியில் அப்பாவே 45 நாளையும் ஒவ்வொன்றாக அடித்தார். அதுவரை ரிவால்வர் டீலரிடம் பாதுகாப்பில் இருந்தது. வாங்குபவர் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

விலையை இங்கே எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னார். முதல் கடைக்காரர் சொன்னதைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. ரசீதின் அசலை அவருக்குக் கொடுத்தோம், பிரதியை நாங்கள் வைத்துக்கொண்டோம். உறை என்னிடம் இருக்கிறது.

கைமாறிய அன்று டீலர் கடைக்கு அப்பாவும் வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. மேஜை மேல் துணி விரித்து டீலர் ரிவால்வரை வைத்தார். அப்பா கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "திறந்து பாருங்க தம்பி" என்றார். அந்த மனிதர் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விரலை ட்ரிகர் காவலுக்கு வெளியே வைத்து, கட்டைவிரலால் லாட்சைப் பின்னால் இழுத்தார். சிலிண்டர் திறந்தது. ஆறு அறையையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அந்த வெளுத்த பொட்டின் மேல் விரல் வைத்து, "இது சந்தனமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு அப்பா பேனாவைத் திறந்தார்.